மாப்பிள்ளை கொடுத்த பாலம்

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலையில் ஆலம்படுகைக்குப் பாலம் வந்திருந்தது. முந்தின நாள் பொழுது சாய்கிற வரைக்கும் கொள்ளிடத்தில் அந்த இடத்தில் மணலும், கோடையில் மிஞ்சிக் கிடக்கும் இடுப்பளவுத் தண்ணீரும், பட்டுசாமி ஓட்டுகிற பஞ்சாயத்துப் படகும் தவிர வேறொன்றும் இல்லை. விடிந்தபோது கரைக்கும் படுகைக்கும் நடுவே, இரண்டு ஆள் அகலத்தில், இரண்டு முனையிலும் ஏறிப் போகப் படி வைத்து, வெள்ளையடித்த கைப்பிடிச் சுவரோடு பாலம் நின்றது. பல் துலக்கிக்கொண்டே துறைக்கு வந்த பட்டுசாமி அதை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார், வேப்பங்குச்சியைத் துப்பினார், படகைப் பூவரச மரத்தோடு இன்னொரு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போய், "பாலம் வந்துடுச்சு, இனிமே எனக்கு வேலை இல்ல" என்று மனைவியிடம் சொன்னார். "அப்ப இன்னிக்காவது கத்தரிக்குத் தண்ணி பாய்ச்சுங்க" என்றாள் அவள்.

யாரும் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. ஆற்றுக்கு நடுவே கிடக்கும் அந்தத் தீவு மாதிரியான ஊருக்கு எத்தனையோ பேர் வந்து எத்தனையோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள், சொன்னதை ஒருவரும் செய்ததில்லை, முதன்முதலாக ஒருவர் செய்திருக்கும்போது எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பது மரியாதையாக இருக்காது என்று ஊர் நினைத்தது. அதுவும் செய்தவர் ஊர் மாப்பிள்ளை.

அந்த மாப்பிள்ளை அறவாழி. அரசியலுக்கு வருவதற்கு முன்னால் அவர் பிஸ்கட் விற்றவர். இருபத்தைந்து வயதில் ஒரு பழைய ஸ்கூட்டரின் பின்னால் தகர டின்களைக் கட்டிக்கொண்டு விழுப்புரம் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் ஏறி இறங்கியவர், கடைக்காரரின் பிள்ளைகள் பெயரையெல்லாம் ஞாபகம் வைத்திருந்து விசாரிக்கிறவர், அந்த ஞாபகத்தாலேயே ஏரியா மேனேஜராகி, மண்டல மேனேஜராகி, கடைசியில் தென்னிந்தியா முழுவதற்கும் தலைவராகி, சென்னையில் கண்ணாடிச் சுவர் வைத்த அறையில் உட்கார்ந்தார். அந்த அறையில் பெரிய வரைபடம் ஒன்று மாட்டியிருந்தது. தன் பிஸ்கட்டை வாங்கி வைக்கும் ஒவ்வொரு கடைக்கும் அதில் ஒரு பச்சை ஊசி குத்தியிருந்தார். பச்சை ஊசிக் கடை என்றால் புயலடித்தாலும் அவர் லாரி போகும், கடைக்காரர் மகளுக்குக் காலேஜில் இடம் வேண்டுமென்றால் அவரே போன் செய்வார், கடைக்காரருக்கு நெஞ்சுவலி என்றால் ஆஸ்பத்திரி வாசலில் அவர் ஆள் நிற்பான். ஊசி இல்லாத கடைகளின் மேல் அவருக்கு விரோதம் எதுவும் கிடையாது. அவை அவர் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

படித்தவராக, கை சுத்தமானவராக, மேடையில் நாலு வார்த்தை பேசத் தெரிந்தவராக ஒருவரைக் கட்சி தேடிக்கொண்டிருந்த சமயத்தில் அறவாழி கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றார். அவர் மனைவி குமுதவல்லிக்குப் பிறந்த ஊர் ஆலம்படுகை என்று தெரிந்ததும் அந்தத் தொகுதியை அவருக்கே கொடுத்தார்கள். புருஷன், மனைவி இருவரும் தங்கள் ஓட்டை அந்த ஊருக்கு மாற்றிக்கொண்டார்கள். பிரசாரத்துக்குப் பட்டுசாமியின் படகில் வந்து இறங்கி, சேற்றில் ஒரு செருப்பை விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு ரேஷன் கடை வாசலில் நின்று மைக்கைப் பிடித்து அறவாழி சொன்னது இதுதான்: "நான் உங்க வீட்டு மாப்பிள்ளை. எனக்கு ஓட்டுப் போடுங்க, உங்களை இந்த ஆத்து மேல நடக்க வைக்கிறேன்."

கூட்டத்தில் நின்ற வேம்பு என்கிற முல்லைப்பூக்காரி மட்டும் பக்கத்திலிருந்தவளிடம், "கும்பிடு போடுறப்பவே வாட்சைப் பாக்குறாரு, இவருக்கு நான் போட மாட்டேன்" என்றாள். அவளுக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. எல்லாருக்கும் கேட்டது, எல்லாரும் சிரித்தார்கள், மைக்கில் பேசிக்கொண்டிருந்தவரும் என்னவென்று தெரியாமல் சேர்ந்து சிரித்தார். கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தார். ஆனாலும் ஜெயித்தார்.

பாலம் வந்த அன்று பூக்கூடைக்காரப் பெண்கள் சிலர்தான் முதலில் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால் மேலத்தெரு ஆட்கள் ஏறினார்கள். அவர்களுக்குப் பின்னால், அக்கரையிலிருந்து தினமும் படகில் வந்துபோய்க்கொண்டிருந்து, பிறகு இந்த ஊரிலேயே வீடு பார்த்துக் குடியேறிவிட்ட லூர்துமேரி டீச்சர், குடையை விரித்துக்கொண்டு படியில் காலை வைத்தார். கால் படியின் வழியாகக் கீழே போனது. பனிக்குள் கை போவதுபோல டீச்சர் முழுவதுமாக அந்த வெள்ளைப் படிக்குள் போய், இடுப்பளவுத் தண்ணீரில் விரித்த குடையோடு நின்றார். மேலே மற்றவர்கள் நடந்துகொண்டுதான் இருந்தார்கள். டீச்சர் தலைக்கு மேல் அவர்களுடைய செருப்புச் சத்தம் கேட்டது.

அடுத்து விழுந்தது பட்டுசாமியின் மச்சான். அடுத்து ஒரு புதுப்பெண். அடுத்து மேலத்தெருப் பெரியவர் நல்லதம்பி. வழுக்கிவிட்டது என்றுதான் அவர்கள் சொன்னார்கள், ஊரும் வழுக்கிவிட்டது என்றே பேசிக்கொண்டது. ஆனால் எதிர்க்கட்சிக்குப் பூத் ஏஜெண்டாக உட்கார்ந்த தனவேல், தானும் விழுவோம் என்று கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்தவன், அக்கரை வரை காலில் ஈரம் படாமல் நடந்து போய், அங்கேயே படியில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டான். அவன் யாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளைக்குத்தான் போட்டிருக்கிறான் என்று அவன் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது, அதோடு ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளைக்கு ஓட்டுப் போட்டவர்களைப் பாலம் தாங்கியது, போடாதவர்களைத் தாங்கவில்லை. பெட்டிக்குள் மறைத்துப் போட்டதையெல்லாம் ஆறு இப்போது வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மாதத்தில் ஊர் அதற்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. சேர்ந்து பாலத்துக்குப் போன புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் மேலேயும் ஒருவர் தண்ணீரிலும் நின்ற வீடுகளில் சில நாள் உலை வைக்கவில்லை. பிறகு வைத்தார்கள். கல்யாணம் பேச வந்தவர்கள் பெண்ணின் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் பெண்ணின் அப்பா எந்த வழியாக வந்தார் என்று கேட்டார்கள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன ஒரு தாய் குழந்தையோடு அக்கரை சேர்ந்ததைப் பார்த்து, தூக்கிக்கொண்டு போனால் யாரையும் பாலம் விடும் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கப்புறம் தினமும் காலையில் ஓட்டுப் போட்டவர் முதுகில் போடாதவர் ஏறிப் போவது வழக்கமானது. காலனித் தெரு மொத்தமும் மாப்பிள்ளைக்குப் போட்டிருந்தது, மேலத்தெருவில் பாதிப்பேர் போட்டிருக்கவில்லை. தன் வீட்டு வாசல்படியைக் காலனி ஆட்கள் மிதிக்கக் கூடாது என்று அறுபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த நல்லதம்பி, சர்க்கரை மாத்திரை வாங்கக் காலனி மாரிமுத்துவின் முதுகில் ஏறி, கண்ணை இறுக மூடிக்கொண்டு போனார். பாதி வழியில் மாரிமுத்து, "கழுத்தைக் கொஞ்சம் தளத்திப் புடிங்க, மூச்சு முட்டுது" என்றான். அதற்கப்புறம் அவர் மாத்திரையை விட்டுவிட்டார்.

வேம்புக்கு மட்டும் இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. அவள் புருஷன் தங்கராசு மாப்பிள்ளைக்குப் போட்டவன். தினமும் விடிகாலையில் அவளைத் தூக்கி முதுகில் வைத்துக்கொள்வான், அவள் தன் தலையில் பூக்கூடையை வைத்துக்கொள்வாள். முல்லை வாசனை பாலத்தின் மேல் முதலில் போக, பின்னால் அவர்கள் இரண்டுபேரும் ஒரே உயரமான ஆளைப்போலப் போவார்கள். "நான் போடாததால எனக்குக் கால் வலி இல்ல பாத்தியா" என்று அவள் மேலிருந்து சொல்வது இரண்டு கரைக்கும் கேட்கும்.

ஆனி மாதம் திறப்பு விழா வைத்தார்கள். அறவாழி வெள்ளை வேட்டியில் வந்தார், குமுதவல்லி பட்டுப்புடவையில் வந்தாள், கட்சியின் கிளைச் செயலாளர் சிங்காரம் ரிப்பன் கட்டி மேளம் வைத்திருந்தான். பாலத்தைப் பற்றிச் சிங்காரம் எல்லாவற்றையும் அவரிடம் சொல்லியிருந்தான். யார் யார் விழுந்தார்கள் என்பதையும் சொல்லியிருந்தான், அதைச் சொல்வதற்காகவே பாலத்தின் முனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அறவாழி ரிப்பனை வெட்டி, படியில் ஏறி, பாலத்தின் மேல் நாலு எட்டு நடந்து, மனைவிக்குக் கையை நீட்டினார். குமுதவல்லி கையையும் பார்த்தாள், படியையும் பார்த்தாள். கூட்டம் அவள் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீங்க போங்க. நான் படகுல வர்றேன்" என்றாள்.

"படகு இல்லைங்களே" என்றான் சிங்காரம். உண்மைதான். பதவியேற்ற முதல் வாரத்திலேயே அறவாழி, பாலம் இருக்கும் ஊருக்குப் படகு வீண் என்று கலெக்டருக்கு எழுதி, பஞ்சாயத்துப் படகை வேறு துறைக்கு அனுப்ப வைத்திருந்தார்.

குமுதவல்லி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பட்டுப்புடவையோடு மணலில் இறங்கி, தண்ணீருக்குள் நடந்து அண்ணன் வீட்டுக்குப் போனாள். மேளக்காரர்கள் வாசிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வாசித்தார்கள்.

அன்று மத்தியானம் அண்ணன் வீட்டுக் கூடத்தில் அறவாழி சாப்பிட்ட இலையை மூடாமல் உட்கார்ந்திருந்தார். குமுதவல்லி மோர் ஊற்ற வந்தாள்.

"ஊரே பாத்துச்சு குமுதா."

"நானும் பாத்தேன்."

"நீ போடலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"ஓட்டைச் சொல்லக் கூடாதுன்னுதான் திரை கட்டி வச்சிருக்காங்க."

"நான் என்ன தப்புப் பண்ணினேன்? சொல்லு. முப்பது வருஷம் என்கூட இருந்தவ நீ."

அவள் மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "திண்டிவனத்துக் கடைக்காரர் கந்தப்பன் ஞாபகம் இருக்கா? ஸ்கூட்டர் காலத்துலேர்ந்து உங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தவர். நம்ம கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு கொடுத்தவர். ஒரு வருஷம் வேற கம்பெனி பிஸ்கட்டை வாங்கி வச்சுட்டார். அப்புறம் நம்ம வீடு தேடி வந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன். நீங்க உள்ளேர்ந்து வந்தீங்க, அவரைத் தாண்டிப் போனீங்க, கார்ல ஏறிப் போயிட்டீங்க. கோவத்துல போகல. கோவமா இருந்தா நான் புரிஞ்சுக்குவேன். நீங்க அவரைப் பாக்கவே இல்ல."

"அவசரமா எங்கயாவது போயிருப்பேன்."

"இருக்கலாம். நீங்க கெட்டவர் இல்ல. வேண்டியவங்களுக்கு உயிரையும் கொடுப்பீங்க. வேண்டாதவங்க உங்க கண்ணுக்கே தெரிய மாட்டாங்க. எம்.எல்.ஏ.ன்னா எல்லாரையும் கண்ணு பாக்கணுமில்ல. உங்களால முடியாதுன்னு தோணுச்சு. அதான் போடல."

அறவாழி இலையை மூடினார். மனைவி சொன்னது அவருக்கு வலித்தது. ஆனால் வலித்ததற்குக் காரணம் அவள் போடவில்லை என்பதா, அவள் சொன்னது சரி என்பதா என்று அவர் பிரித்துப் பார்க்கவில்லை. சென்னைக்குப் போனதும் படகைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், கூடவே எல்லாரும் நடக்கிற மாதிரி நிஜமாக ஒரு பாலம் கட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். நினைத்தபடி நெடுஞ்சாலைத் துறையில் போய்க் கேட்டார். அதிகாரி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். வானத்திலிருந்து எடுத்த படத்தில் கொள்ளிடத்தின் குறுக்கே வெள்ளைக் கோடாகப் பாலம் கிடந்தது. "ஏற்கனவே இருக்கே சார். இருக்குற இடத்துல இன்னொண்ணு கட்ட எந்த விதியும் இடம் கொடுக்காது" என்றார் அதிகாரி.

கட்சித் தலைமையில் கூப்பிட்டுப் பேசினார்கள். "அடுத்த எலக்‌ஷன்ல அந்த ஊர்ல ஒரு ஓட்டு வெளிய போகாது. தினம் தண்ணியில இறங்குறவன் யாருக்குப் போடுவான் சொல்லுங்க? இந்த மாதிரி ஒண்ணு தொகுதிக்கு ஒண்ணு இருந்தா நமக்குப் பிரசாரமே வேண்டாம்" என்று சொல்லி அவர் தோளைத் தட்டினார்கள். அப்போது அறவாழிக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எழுந்தது. கண்ணாடி அறையில், வரைபடத்தின் ஒரு ஜில்லா முழுவதும் பச்சையாகும்போது எழும் அதே சந்தோஷம். படகு விஷயத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார்.

ஆடி மாதம் மேலே அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ஒரு பகலுக்குள் ஆறு மணலை விழுங்கி, படுகையின் வாழைத்தோப்புக்குள் நுழைந்தது. ஊரைக் காலி செய்யச் சொல்லித் தண்டோரா போட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஓட்டுப் போட்டவர்கள் போடாதவர்களைத் தூக்கினார்கள். தனவேல் தன் கட்சிக்காரர்களை ஒவ்வொருவராகத் தூக்கி வந்தான். பட்டுசாமி டீச்சரைத் தூக்கினார். மாரிமுத்து யாரையும் கேட்காமல் நல்லதம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான், இந்தத் தடவை அவர் கண்ணை மூடவில்லை. அறவாழி மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, கையில் மைக்கோடு படுகைப் பக்கத்துப் படியில் காலையிலிருந்து நின்று ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வேம்பு இரண்டு ஆட்டுக்குட்டிகளோடு படியருகே வந்து நின்றாள். தங்கராசு விடிகாலையில் அவளுக்குக் காய்ச்சல் என்று தனியாகப் பூ எடுத்துக்கொண்டு கும்பகோணம் போனவன் இன்னும் திரும்பவில்லை. பாலத்திலிருந்து இறங்கி வந்த சிங்காரம் அவளைப் பார்த்து, ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டே, "அடுத்த தடவை நம்ம பக்கம்னு ஒரு வார்த்தை சொல்லு வேம்பு, பூ மாதிரி தூக்கிட்டுப் போறேன்" என்றான்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அறவாழியும் கேட்டார். அவர் முகத்திலும் சிரிப்பு வந்தது. சிங்காரம் விளையாட்டாகத்தான் சொல்கிறான் என்று நினைத்தார், விளையாட்டாகவேகூட அவன் சொல்லியிருக்கலாம்.

வேம்பு மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. "தூக்குறதா இருந்தா என்னைத் தூக்கு. என் ஓட்டை எதுக்குத் தூக்குற?" என்றாள். பிறகு அறவாழியைப் பார்த்தாள், அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தவள்போல. அவர் மைக்கை வாயருகே கொண்டுபோய், அடுத்த குடும்பத்தை வரச் சொன்னார். "எம் புருசன் வருவான்" என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டுக்குட்டிகளை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தாள். யாராவது கூட்டி வந்துவிடுவார்கள் என்று அறவாழி நினைத்தார். கூட்டி வந்திருப்பார்கள் என்று அக்கரைக்குப் போன பிறகும் நினைத்தார். தங்கராசு பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்து, வருகிற கூட்டத்தை இடித்துக்கொண்டு பாலத்தில் எதிர்த்திசையில் ஓடியபோது, படுகையில் கூரைகள் மட்டும் தெரிந்தன. அவன் வீடு கூரையாகக்கூடத் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்தபின் நாணல் புதரில் வேம்பு கிடைத்தாள். ஆட்டுக்குட்டிகளின் கயிறு அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில், யாரும் கூட்டம் போடாமல், யாரும் யாரிடமும் சொல்லாமல், பாலத்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் படியைத் தாண்டிப் போய்த் துறையில் நின்றார்கள். படகு இல்லை. பட்டுசாமி வாழைத்தண்டுகளைச் சேர்த்துத் தெப்பம் கட்டினார். அதில் ஏறினார்கள். அன்றைக்கும் அதற்கு மறுநாளும் அதற்கப்புறமும் பாலத்தில் ஒருவரும் கால் வைக்கவில்லை. சிங்காரம் மட்டும் சில நாள் தனியாக இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தான். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். யாரும் அவனைத் திட்டவில்லை, யாரும் அவனோடு பேசவும் இல்லை. ஒரு நாள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவனும் தெப்பத்துக்கு வந்தான். கொஞ்ச நேரம் யாரும் நகரவில்லை. பிறகு நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

அறவாழிக்குத் தூக்கம் போயிற்று. வேம்பு தன்னைப் பார்த்த பார்வை எங்கே திரும்பினாலும் இருந்தது. முதலில் படகைத் திரும்பக் கொண்டுவந்தார். பிறகு சட்டசபை கூடியபோது எழுந்து நின்று, "என் தொகுதியில் ஆலம்படுகைக்குப் பாலம் இல்லை. ஒரு பெண் செத்துப்போனாள். பாலம் கட்டித் தர வேண்டும்" என்றார். அவர் கட்சி வரிசையே திரும்பிப் பார்த்தது. மந்திரி பாலத்தின் படத்தைத் தூக்கிக் காட்டினார், படத்தில் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தது அறவாழிதான். சபை வெகுநேரம் சிரித்தது. அவர் பேசியது அவைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது. அந்த மாதமே கட்சியிலிருந்து அவரும் நீக்கப்பட்டார்.

அவர் ஆலம்படுகைக்கு வந்து, முன்பு பேசிய அதே ரேஷன் கடை வாசலில் நின்று, மைக் இல்லாமல் பேசினார். "நான் கொடுத்த வார்த்தையை வாபஸ் வாங்கிக்கறேன். அந்தப் பாலம் போகட்டும்."

எல்லாரும் ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பாலம் போகவில்லை. வெயிலில் இன்னும் வெள்ளையாக நின்றது.

"வார்த்தைய நீங்க வாபஸ் வாங்கிக்கலாம் மாப்ள" என்றார் பட்டுசாமி. "நாங்க போட்டதை யாரு வாபஸ் வாங்குறது?"

தங்கராசு கூட்டத்தில் இருந்தான். அறவாழி அவனிடம் போய் நின்று பேச வாயெடுத்தார். தங்கராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அதற்கப்புறம் அறவாழி குமுதவல்லியோடு அவள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவந்துவிட்டார். சபை கூடும்போதெல்லாம் சென்னைக்குப் போய், கட்சியில்லாதவர்களுக்கான கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அதே கேள்வியைக் கேட்டார், ஒவ்வொரு தடவையும் அதே படத்தைக் காட்டினார்கள். லூர்துமேரி டீச்சரும் அவரும் சேர்ந்து ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அது வாய்தாவில் கிடந்தது. ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேட்டார். சில வீடுகளில் சொன்னார்கள், சில வீடுகளில் டீயை மட்டும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். தங்கராசு வீட்டில் டீயும் வைக்கவில்லை. ஆனாலும் வெள்ளிக்கிழமைதோறும் அந்த வாசலில் போய் நின்றுவிட்டு வந்தார். அவர் மனசு ஆறியதாக யாருக்கும் தெரியவில்லை.

பதவிக்காலம் முடிந்து அடுத்த தேர்தல் வந்தது. அவர் நிற்கவில்லை. நின்றவர்களில் மனை வியாபாரம் செய்கிற இளைஞன் ஒருவன் படகில் வந்து இறங்கி, இருக்கிற பாலத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குப் போட்டுப் பாருங்க, இதைவிட அகலமா, கார் போற மாதிரி கொடுக்கிறேன்" என்றான். கேட்டவர்கள் கைதட்டவில்லை, தடுக்கவும் இல்லை. ஓட்டுப் போட்ட அன்று அறவாழியும் குமுதவல்லியும் பள்ளிக்கூடத்திலிருந்து விரலில் மையோடு சேர்ந்து நடந்து வந்தார்கள். யாருக்குப் போட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஊரில் எந்த வீட்டிலும் யாரும் யாரையும் கேட்கவில்லை.

ஓட்டு எண்ணிய மறுநாள் காலையில் பழைய பாலத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாலம் நின்றது. அகலமாக, நீல வண்ணத்தில், விளக்குக் கம்பங்களோடு. ஜெயித்த இளைஞன் அதற்குள் மாலையோடு வந்து அதன் மேல் நின்றுகொண்டு, "வாங்க, ஏறுங்க, ஏன் நிக்கிறீங்க?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஊர் முழுவதும் கரையில் நின்று பார்த்தது. தன் பாதம் அதில் நிற்குமா என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பக்கத்தில் நிற்பவர் பாதம் நிற்குமா என்று ஒருவருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பூக்கூடைக்காரப் பெண்கள் முதலில் திரும்பித் துறைக்கு நடந்தார்கள். மற்றவர்களும் நடந்தார்கள்.

டீச்சரோடு சேர்ந்து போட்ட வழக்கு மறுநாள் மறுபடி விசாரணைக்கு வருவதாக இருந்ததால் அறவாழியும் குமுதவல்லியும் கிளம்பித்தான் வந்திருந்தார்கள். படகு நிறைந்துவிட்டது. முழங்கால் வலியோடு அறவாழி சேற்றில் நின்று எங்கே உட்காருவது என்று பார்த்தார். ஓரமாக உட்கார்ந்திருந்த தங்கராசு, வேம்பு செத்ததிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசாத தங்கராசு, பூக்கூடையை மடிக்குத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"பாத்து உக்காருங்க. அங்க ஒரு ஓட்டை இருக்கு" என்றான். அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "கால வச்சு அழுத்திக்குங்க. இல்லன்னா எல்லாரும் போயிடுவோம்."

அறவாழி குனிந்து பார்த்தார். பலகை இடுக்கில் தண்ணீர் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலை அதன் மேல் வைத்து அழுத்தினார். பட்டுசாமி கழியை ஊன்றித் தள்ளினார். படகு இரண்டு பாலங்களின் நிழலிலும் நுழைந்து போனபோது மற்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவர் தன் குதிகாலையே பார்த்துக்கொண்டு, அக்கரை வரும் வரைக்கும் அதை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்.